உருப்படி ஏழு

தாணே ஜெயில்
21 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய பத்ரிநாராயணன் சாருக்கு,

தாராவி சாணைக்கடை இசக்கிதுரை எழுதுகிறேன். நான் ஜெயிலில் இருக்கிறேன். உங்களுக்கு விஷயம் தெரியாமல் இருக்கலாம் என்று நினைத்து முதலிலிருந்து சொல்கிறேன்.

எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். அதற்கு முந்தின நாள் எங்கள் பின்சந்தில் இரண்டு கோஷ்டிக்குச் சண்டை. ஒரு பையனுக்குத் தோளில் வெட்டு விழுந்தது. தேர்தல் சமயம் வேறு, போலீஸ் கடை கடையாக ஏறி இறங்கியது. என் கடைப் பரணில் உங்கள் பெட்ஷீட் மூட்டை இருந்தது. கண்காட்சிக்காகத் துரு எடுத்துத் தரும்படி நீங்கள் கொடுத்த சாமான்கள். அதை அவிழ்த்துத் தரையில் பரப்பினார்கள். சுருள்வாள் ஒன்று, இரும்பு வளரி இரண்டு, ஈட்டி முனை மூன்று, கட்டாரி ஒன்று. எண்ணிப் பார்த்து, உருப்படி ஏழு என்று எழுதினார்கள்.

சுருள்வாளைச் சுற்றியிருந்த கயிற்றை ஒரு கான்ஸ்டபிள் அறுத்தார். "மெதுவா சாப்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அது சடாரென்று விரிந்து அவர் முழங்கையைக் கீறிவிட்டது. அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் யாரும் காதில் வாங்கவில்லை.

"இதெல்லாம் பழைய காலத்து ஆயுதம், மாட்டுங்காவில் ஒரு பெரியவர் இதைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார், அவருடையது" என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் உங்கள் நம்பரை வாங்கிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து என்னை வண்டியில் ஏற்றச் சொன்னார். நீங்கள் போனை எடுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெட்டின கோஷ்டிக்கு ஆயுதம் செய்து கொடுத்தவன் நான் என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் ஒரு தடவை வந்து, இவை என்னுடையவை, ஆராய்ச்சிக்காக வைத்திருப்பவை, துரு எடுக்கக் கொடுத்தேன் என்று சொன்னால் போதும் சார். என் பேச்சுக்கு இல்லாத மதிப்பு உங்கள் பேச்சுக்கு உண்டு.

இங்கிருந்து வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் போன் செய்ய முடியும். அதனால்தான் கடிதம். வருகிற கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் தருவார்கள். தமிழ் படிக்க ஆள் கிடைக்க நாளாகும் என்கிறார்கள். அதனால் சீக்கிரம் எழுதுங்கள்.

மூட்டையில் கட்டாரிக்கு மட்டும் இன்னும் எண்ணெய் போடவில்லை. அப்படியே விட்டால் ஒரு மாதத்தில் மறுபடி துரு ஏறும்.

உங்கள்
இசக்கிதுரை


மாட்டுங்கா
12 டிசம்பர் 2024

அன்புள்ள இசக்கிதுரை,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. நீ எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியாதா? ஆறு வருடமாக என் பொருட்களைத் தொட்டவர்கள் இரண்டே பேர், நான் ஒருவன், நீ ஒருவன்.

இந்த விஷயத்தில் அவசரப்படக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் பெயர் சொல்லாமல் பொதுவாக விசாரித்தேன். பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு ஆயுதச் சட்டத்திலேயே விலக்கு உண்டாம். அதை முறையாக நிரூபிக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் எங்கிருந்து வந்தது, எந்தக் காலம், என்ன ஆதாரம் என்று குறிப்பு தயார் செய்ய வேண்டும். அதில்தான் இறங்கியிருக்கிறேன்.

ஒன்று எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் ஆங்கிலேயக் கும்பினியார் தென்சீமையில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஊர் ஊராகப் போய் வேலும் வளரியும் பறித்தார்கள். என் புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அதுதான். உன் கடைப் பரணில் போலீஸ் ஏறியதைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. சரித்திரம் அப்படியே உன் கடைக்குள் நுழைந்திருக்கிறது!

சுருள்வாளைப் போலீஸ்காரர்கள் மறுபடி சுருட்டினார்களா, அல்லது நீளவாக்கில் எடுத்துப் போனார்களா? தப்பாக மடித்தால் அந்த எஃகு முறிந்துவிடும். உன்னால் யாரிடமாவது சொல்ல முடிந்தால் சொல். கட்டாரியைப் பற்றி எச்சரித்தாயே, அதற்கு நன்றி.

தைரியமாக இரு. உடம்பைப் பார்த்துக்கொள்.

பத்ரிநாராயணன்


தாணே ஜெயில்
4 ஜனவரி 2025

சாருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தமிழ் படிக்க ஆள் கிடைக்காததால் கடைசியில் முத்திரை குத்தி அப்படியே கொடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தின நாள் சஃபீனா மேடம் வந்திருந்தார்கள். சர்க்கார் எனக்கு இலவசமாகக் கொடுத்திருக்கும் வக்கீல். குர்லாப் பெண், சின்ன வயதுதான். குற்றப்பத்திரிகையின் நகலைக் கொண்டுவந்து எனக்கு ஹிந்தியில் படித்துச் சொன்னார்கள். அதில் ஒன்பதாம் பக்கத்தில் உங்கள் பெயர் வந்தது.

"மாட்டுங்காவில் வசிக்கும் பத்ரிநாராயணன் என்பவரிடம் தொலைபேசியில் விசாரித்ததில், இசக்கிதுரை என்பவரை வீட்டுக் கத்தி, கத்தரிக்கோல் சாணை பிடிப்பவராக மட்டுமே தெரியும், ஆயுதங்கள் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னார்."

மேடம் இரண்டு தடவை படித்தார்கள். நான்தான் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

பதினாலு வருஷமாக ஆயுதங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர் நீங்கள். போனை எடுத்திருக்கிறீர்கள். உங்கள் முதல் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐந்தாம் அத்தியாயம் இருக்கிறது, கும்பினி இருக்கிறது. சார், இந்த பாரக்கில் நூற்றுப்பத்துப் பேர் படுத்திருக்கிறோம். திரும்பிப் படுப்பதென்றால் பக்கத்து ஆளை எழுப்ப வேண்டும். எங்களில் யாருக்கும் இங்கே சரித்திரம் நடப்பதாகத் தோன்றவில்லை.

மேடம் ஒரு விஷயம் சொன்னார்கள். சாமான்கள் பழையவை என்று அவற்றின் சொந்தக்காரர் எழுதிக் கொடுத்தால், கோஷ்டிக்கு ஆயுதம் செய்தேன் என்ற பேச்சே உடைந்துவிடுமாம். ஜாமீன் கிடைக்குமாம்.

உங்கள் தயக்கம் எதனால் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. செப்டம்பர் மாதம் சுருள்வாளைத் தேய்த்தபோது ஒரு ஓரம் முழுக்க அரை இன்ச்சுக்கு ஒன்றாகப் பல்லை ராவி எடுத்த தடம் தெரிந்தது. பிடிப் பக்கம் ஒரு வெல்டிங் ஜாயிண்டும் இருந்தது. ரே ரோடு மரவாடியில் ஆறு வருஷம் ரம்பம் தீட்டினவன் நான். "சார், இது மரம் அறுக்கிற பேண்ட்சா பட்டை. இதுக்கு வயசு அறுவது, எழுவது இருந்தா ஜாஸ்தி" என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் டீயைக் கீழே வைத்துவிட்டு அந்த ஜாயிண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். பிறகு, "யார்கிட்டயும் சொல்லாதே இசக்கி, யோசிப்போம்" என்றீர்கள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. மேடத்திடமும் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். எல்லாமே பழையது என்று எழுதிக் கொடுங்கள். மற்ற ஆறும் பழையதுதானே. என் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன், அந்த வளரி இரண்டும் பழைய உலை இரும்பு.

போனில் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போலீஸ் என்றால் யாருக்கும் நாக்குக் குழறும். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஆகிவிட்டது.

இசக்கிதுரை


மாட்டுங்கா
22 ஜனவரி 2025

அன்புள்ள இசக்கிதுரை அவர்களுக்கு,

நீங்கள் எழுதியது எல்லாம் உண்மை. நான் அப்படித்தான் சொன்னேன். "ஹதியார்", அதாவது ஆயுதம், என்ற ஒரு சொல்தான் அன்று என் காதில் தெளிவாக விழுந்தது. நாற்பது வருடம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ரிட்டையர் ஆனவன் நான். இந்த அறுபத்தாறு வயதில் ஒரு நாள் கூட போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்ததில்லை. வாய் தானாகவே அப்படிச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அதை மாற்றிச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. என் ஹால் சுவரில் இருபத்திரண்டு உருப்படிகள் மாட்டியிருந்தேன். நீங்கள் பார்த்தவைதான். ஏழும் என்னுடையவை என்று சொன்னால் மறுநாளே அந்த இருபத்திரண்டையும் வந்து எடுத்துப் போவார்கள். என் மனைவி போன பிறகு எனக்கென்று இருப்பவை அவைதாம். அவற்றைப் பூனாவில் ஒரு உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். சுவரில் இப்போது ஆணிகள் மட்டும் இருக்கின்றன.

எழுதிக் கொடுப்பது பற்றி. பொங்கலன்று காலையில் உட்கார்ந்து மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் கிழித்தேன். சுருள்வாள் ஏறத்தாழ 1800-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? இல்லை என்று எனக்குக் காட்டியவரே நீங்கள்தானே. சத்தியத்தின் பேரில் ஒரு பொய்யை எழுதினால், நான் இத்தனை வருடம் செய்த ஆராய்ச்சிக்கு என்ன அர்த்தம்? ஓர் ஆய்வாளனுக்கு நேர்மையைத் தவிர வேறு சொத்து இல்லை. நீங்கள் இதைப் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் உங்கள் கையும் பொய் சொல்லாத கை.

ஆனாலும் சும்மா இருக்க மனம் வரவில்லை. இத்துடன் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறேன். வளரி, ஈட்டி, கட்டாரி, சுருள்வாள் ஆகியவை தென்தமிழ்நாட்டில் வழக்கிலிருந்த ஆயுத வகைகள், சரித்திர ஆர்வத்துக்கு உரியவை என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். உங்கள் வக்கீலிடம் கொடுங்கள்.

பத்ரிநாராயணன்


தாணே ஜெயில்
10 மார்ச் 2025

சாருக்கு,

உங்கள் சான்றிதழை சஃபீனா மேடம் படித்தார்கள். "இதில் ஆயுதம் என்ற சொல் ஆறு தடவை வருகிறது. அவருடையது என்று ஒரு தடவை கூட வரவில்லை. இதைக் கொடுத்தால் போலீஸ்தான் சந்தோஷப்படும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். பிப்ரவரி 27 அன்று ஜாமீனைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

முந்தி நீங்கள் என்னை நீ என்று எழுதுவீர்கள். போன கடிதத்தில் நீங்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

என் சம்சாரம் முத்துமாரி போன வாரம் உங்கள் கட்டிடத்துக்கு வந்திருந்தாள். நான் போகச் சொல்லவில்லை. வியாழக்கிழமை முலாக்காத்துக்கு, என்னைப் பார்க்க இங்கே வந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"காலையில பதினோரு மணிக்குப் போனேன். வாச்மேன் மேல போன் போட்டான். சார் தூங்குதாவளாம். சரி, முழிக்கட்டும்னு வாசப்படியில இருந்தேன். ரெண்டாம் மாடியில கர்ட்டன் ரெண்டு தடவ ஆடிச்சு. நா பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். மூணு மணி நேரம் ஆச்சு. தண்ணி வேணுமாம்மான்னு அந்த வாச்மேன்தான் கேட்டான். நீங்க அவர பெரிய மனுசன் பெரிய மனுசன்னு சொல்லுவியளே."

"வயசானவரு, ஒடம்புக்கு முடியாம இருந்திருக்கும்" என்று சொன்னேன்.

"கர்ட்டனத் தள்ள முடியுது" என்றாள்.

உங்களுக்குப் பரிந்து நான் பேசினேன் என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது.

கடையின் சொந்தக்காரர் நான்கு மாதம் பார்த்துவிட்டு வேறு ஆளுக்கு விட்டுவிட்டார். அங்கே இப்போது பை தைக்கிறார்கள். என் சாணைக்கல் மோட்டாரை முத்துமாரி ஒரு பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டாள். அவள் செம்பூரில் ஒரு சமையல் காண்டிராக்டரிடம் சாப்பாட்டு டப்பா கட்டும் வேலைக்குப் போகிறாள். அடிவயிற்றில் வலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். டாக்டரிடம் போ என்றால் லீவு போட முடியாது என்கிறாள்.

நேர்மை பற்றி எழுதியிருந்தீர்கள். ஒன்று மட்டும் தோன்றியது. அதே ஏழு உருப்படி உங்கள் ஹாலில் மாட்டியிருந்தால், வருகிற ஆட்கள் காபி குடித்துக்கொண்டே பார்த்துவிட்டுப் போவார்கள். என் பரணில் இருந்ததால் நான் இங்கே இருக்கிறேன். இரும்பில் ஒரு வித்தியாசமும் இல்லை.

சுருள்வாளை விட்டுவிடுங்கள். மற்ற ஆறுக்கும் மட்டும், என்னுடையவை, பழையவை என்று எழுதுங்கள். அதில் பொய் இல்லையே. இதைத்தான் கடைசியாகக் கேட்கிறேன்.

இசக்கிதுரை


மாட்டுங்கா
19 ஜூன் 2025

அன்புள்ள இசக்கிதுரை அவர்களுக்கு,

உங்கள் மார்ச் மாதக் கடிதத்துக்கு இப்போது பதில் எழுதுகிறேன். மூன்று மாதமும் அது என் மேஜையில்தான் இருந்தது. அதன் மேல் வேறெந்தக் காகிதத்தையும் நான் வைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

உங்கள் மனைவி வந்த அன்று நான் தூங்கவில்லை. திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் எழுந்து கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடந்து மறைகிற வரைக்கும் நின்றேன். கீழே இறங்கினால் அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று யோசித்தபடியே மூன்று மணி நேரம் போய்விட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் துணிவில்லை.

ஒரு செய்தி. புத்தகம் வந்துவிட்டது. முந்நூற்றிருபது பக்கம். பதினாலு வருடம் ஆயிற்று. முதல் பிரதியை யாருக்குக் கொடுப்பது என்று நினைத்தபோது உங்கள் முகம்தான் வந்தது. கையெழுத்திட்டுத் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். உள்ளே விடுவார்களோ தெரியவில்லை. நன்றியுரையில் உங்கள் பெயரைப் போடவில்லை, உங்கள் நன்மைக்காகத்தான். வழக்கு நடக்கும்போது ஆயுதங்களைப் பற்றிய புத்தகத்தில் உங்கள் பெயர் இருந்தால் அதுவே உங்களுக்கு எதிராகப் போகும்.

ஜூலை 27 அன்று வெளியீட்டு விழா. அது முடிந்ததும் நான் நேராக உங்கள் வக்கீலைப் பார்க்கிறேன். ஆறு உருப்படிகளும் என்னுடையவை என்று எழுதிக் கொடுக்கிறேன். முடிவு செய்துவிட்டேன். விழாவுக்கு முன்னால் போலீஸ், கோர்ட் என்று பத்திரிகையில் ஏதாவது வந்தால் எல்லாம் நின்றுபோகும். ஐந்து வாரம்தான். ஏழு மாதம் பொறுத்தீர்கள். இன்னும் ஐந்து வாரம் எனக்காகப் பொறுங்கள்.

பத்ரிநாராயணன்


ஆண்டாப் ஹில்
3 ஆகஸ்ட் 2025

சாருக்கு,

நான் வெளியே வந்துவிட்டேன். ஆண்டாப் ஹில்லில் மச்சான் வீட்டில் இருக்கிறேன்.

தோளில் வெட்டுப்பட்ட அந்தப் பையன் ஜூலை மாதம் கோர்ட்டில், இவரை எனக்குத் தெரியாது என்று சொன்னான். வெட்டுக் கேஸிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆயுதம் வைத்திருந்த கேஸ் மட்டும் நின்றது. அதே வாரம் முத்துமாரி டப்பா கட்டுகிற இடத்தில் மயங்கி விழுந்திருக்கிறாள். கர்ப்பப்பையில் கட்டி. 28-ஆம் தேதி ஆபரேஷன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட ஆள் வேண்டும்.

சஃபீனா மேடம் இரண்டு வழி சொன்னார்கள். கேஸ் நடத்தினால் இரண்டு வருஷமாவது ஆகும், நடுவில் ஜாமீன் கேட்டால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. குற்றத்தை ஒப்புக்கொண்டால், இருந்த எட்டரை மாதத்தையே தண்டனையாக எடுத்துக்கொள்ளும்படி ஜட்ஜிடம் கேட்கலாம். "ஒப்புக்கொள்ளச் சொல்லி நான் உங்களை வற்புறுத்த மாட்டேன். அந்தப் பெரியவர் வருவாரா?" என்று கேட்டார்கள்.

"27-ந் தேதிக்கு மேல வருவாரு" என்றேன்.

மேடம் என் முகத்தையே பார்த்தார்கள். நான் ஒப்புதல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

24-ஆம் தேதி ஜட்ஜ் என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார். யாராவது மிரட்டினார்களா? இல்லை சாப். இந்த ஏழு உருப்படியும் யாருடையது? என்னுடையது சாப். எதற்கு வைத்திருந்தாய்? இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று மேடம் எனக்குச் சொல்லித் தரவில்லை. தப்புப் பண்ணிவிட்டேன் சாப் என்றேன். பெண்டாட்டிக்கு ஆபரேஷன் என்பதைக் காரணமாக எழுதி, இருந்த நாட்களையே தண்டனை ஆக்கினார். கேஸ் சாமான்களை அப்பீல் காலம் முடிந்ததும் அழித்துவிடலாம் என்று கடைசி வரி.

முத்துமாரி பிழைத்துக்கொண்டாள். சோர்ந்து கிடக்கிறாள். அதிகம் பேசுவதில்லை.

ஜெயிலில் என் சட்டை, பெல்ட்டோடு உங்கள் புத்தகத்தையும் கொடுத்தார்கள். ஆயுதப் படம் இருந்ததால் உள்ளே விடாமல் எடுத்து வைத்திருந்தார்களாம். ரயிலில் உட்கார்ந்து புரட்டினேன். 143-ஆம் பக்கம் சுருள்வாள். நான் தேய்த்துக் கொடுத்து நீங்கள் எடுத்த படம். வெல்டிங் ஜாயிண்ட் தெரியாத பக்கமாகப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள். கீழே எழுதியிருக்கிறது: "ஏறத்தாழ கி.பி. 1800. ராமநாதபுரம் வட்டாரம். ஆசிரியரின் சேகரிப்பு."

சத்தியத்தின் பேரில் 1800 என்று எழுத மாட்டேன் என்றீர்கள். புத்தகத்தில் எழுதலாம் போலிருக்கிறது.

அதையாவது விட்டுவிடலாம். ஆசிரியரின் சேகரிப்பு. இந்த இரண்டு சொல்லைத்தான் நான் நவம்பரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதை அச்சடித்து ஆயிரம் பேருக்கு விற்கிறீர்கள். ஒரு ஜட்ஜுக்கு மட்டும் சொல்ல முடியவில்லை.

தாணேயிலிருந்து தாதர் வரைக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே வைத்திருந்தேன். இறங்கும்போது புத்தகத்தை சீட்டிலேயே விட்டுவிட்டேன்.

இசக்கிதுரை


மாட்டுங்கா
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள இசக்கிதுரை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். எனக்காகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மார்ச் மாதம் பக்கங்கள் கடைசித் திருத்தத்துக்கு வந்தன. 143-ஆம் பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாள் போனால் ஏழாம் அத்தியாயம் முழுவதும் போய்விடும். பேனாவை மூடிவிட்டேன். தமிழ்ப் புத்தகத்தை எந்தப் போலீஸ் படிக்கப் போகிறது என்றும் நினைத்தேன். இதுதான் உண்மை.

மூன்றாம் நாள் எழுந்து கோர்ட்டுக்குப் போனேன். ஆமாம், போனேன். ஒரு வக்கீலை வைத்து, ஏழு உருப்படிகளும் என்னுடையவை, அழிக்க வேண்டாம், என்னிடம் ஒப்படையுங்கள் என்று மனுப் போட்டேன். புத்தகத்தையே ஆதாரமாக வைத்தேன். உங்களுக்காக ஏறாத படியை இரும்புக்காக ஏறினேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். வழியெல்லாம் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். ஆனாலும் போனேன்.

அங்கே குமாஸ்தா என்னிடம், "ஒன்பது மாசம் எங்கே இருந்தீங்க பாபா? குத்தவாளி தன்னோடதுன்னு ஒத்துக்கிட்டு தண்டனையும் முடிஞ்சுபோச்சு" என்றான். பிறகு என் வக்கீல் சொன்னார், ஒரே ஒரு வழி இருக்கிறது என்று. அவை பத்ரிநாராயணனுடையவை, துரு எடுக்கத்தான் என்னிடம் கொடுத்தார் என்று நீங்கள் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் அழிப்பதை நிறுத்தி வைக்கலாமாம். செப்டம்பர் இரண்டாம் வாரம் அழிக்கப்போகிறார்கள்.

கேட்கக் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். அந்த வளரி இரண்டும் பழைய உலை இரும்பு என்று நீங்களே சொன்னீர்கள். அப்படிப்பட்ட இரும்பு வளரிகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவை உருகிப்போனால் திரும்ப வராது. அடுத்த பதிப்பில் சுருள்வாள் பற்றிய உண்மையை எழுதுகிறேன். கண்டுபிடித்தவர் இசக்கிதுரை என்று உங்கள் பெயரைப் போட்டு எழுதுகிறேன்.

தாள் இத்துடன் இருக்கிறது. பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்து.

பத்ரிநாராயணன்


ஆண்டாப் ஹில்
9 செப்டம்பர் 2025

சாருக்கு,

உங்கள் தாளை சஃபீனா மேடத்திடம் காட்டினேன். அவர்கள் படித்துவிட்டு என் கையில் திருப்பிக் கொடுக்கவில்லை, தன் பைலுக்குள் வைத்துக்கொண்டார்கள். "ஜட்ஜ் முன்னால் உங்களுடையது என்று சொல்லி விடுதலை வாங்கியிருக்கிறீர்கள். இப்போது இதில் கையெழுத்துப் போட்டால், அன்று சொன்னது பொய்யா என்று கேட்பார்கள். மறுபடி உள்ளே போக வேண்டிவரும்" என்றார்கள்.

அதனால் கையெழுத்துப் போட முடியாது. முடிந்தாலும் போட்டிருப்பேனா என்று நான் யோசித்துப் பார்த்தேன். வளரிகளை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அடித்தவன் யாரோ, நல்ல கைக்காரன். அவனுக்காக வேண்டுமானால் போட்டிருப்பேன். உங்களுக்காகப் போட்டிருக்க மாட்டேன்.

இந்தக் கடிதம் உங்களுக்கு வரும்போது அவை இருக்காது.

அடுத்த பதிப்பில் என் பெயரைப் போட வேண்டாம். கோர்ட்டுக் காகிதத்தில் ஏழும் என்னுடையவை என்று இருக்கிறது, உங்கள் புத்தகத்தில் உங்களுடையவை என்று இருக்கிறது. பிற்காலத்தில் யாராவது ஆராய்ச்சி பண்ணினால் அவர்கள் பாடு.

கணபதி வைப்பதற்கு முந்தின நாள் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். ஆயுதக் கேஸில் தண்டனை ஆனவர்களைப் பண்டிகை, தேர்தல் என்றால் முன்கூட்டியே கூப்பிட்டு வைப்பார்களாம். கரைப்பு முடிகிறவரை தினமும் சாயங்காலம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். நான் மூட்டை தூக்கும் குடோனில், இப்படித் தினம் சீக்கிரம் போகிற ஆள் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முத்துமாரி, ஊருக்காவது போய்விடலாம் என்கிறாள். ஊரில் எங்களுக்கு யாரும் இல்லை. நான் பிறந்ததே தாராவியில்தான்.

முதல் நாள் ஸ்டேஷனில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். பெயர், வயது, விலாசம் எல்லாம் ஏற்கெனவே எழுதியிருந்தது. தொழில் என்ற இடத்தில் மராத்தியில் ஏதோ எழுதியிருந்தது. என்ன என்று கேட்டேன். ஆயுதம் செய்பவர் என்றார் அங்கிருந்த ஹவில்தார்.

"சாணை பிடிக்கிறவன் சாப்" என்றேன்.

"இதில் இப்படித்தான் இருக்கிறது, மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பேனாவைக் கொடுத்தார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இசக்கிதுரை